பந்தைப் பிடித்தவர்களில் யார் பெரியவர்?

1,211. இந்த எண்ணைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1942-ல் கிரீன் பே பேக்கர்ஸ் அணியின் டான் ஹட்சன் ஒரே சீசனில் 1,211 யார்டு தூரத்துக்குப் பந்தைப் பிடித்தார். சரியாக அறுபது வருடம் கழித்து, 2002-ல், ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணிக்காக ஜெர்ரி ரைஸ் பிடித்ததும் அதே 1,211 யார்டுதான். ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

புத்தகத்தில் இரண்டும் ஒரே எண். ஆனால் இரண்டும் ஒன்றா?

ஹட்சன் அதை 11 ஆட்டங்களில் எடுத்தார். அதற்கு முன் என்.எஃப்.எல். வரலாற்றில் ஒரு சீசனில் 1,000 யார்டைத் தொட்டவர் எவருமே இல்லை. அந்த வருடம் அவர் பிடித்தது 74 கேட்ச். இரண்டாவதாக வந்தவர் அதில் பாதியைக்கூடத் தொடவில்லை. ரைஸ் எடுத்ததோ 16 ஆட்டங்களில். அதே 2002-ல் இண்டியானாபொலிஸ் அணியின் மார்வின் ஹாரிசன் 143 கேட்ச், 1,722 யார்டு எடுத்து ரைஸைத் தூக்கிச் சாப்பிட்டார். ஆனால் ஒரு விஷயம்: அந்த சீசனின் நடுவில்தான் ரைஸுக்கு 40 வயது முடிந்தது. அவருடைய வயதுக்காரர்கள் பலர் அப்போது டி.வி.யில் வர்ணனை செய்துகொண்டிருந்தார்கள்.

எண் ஒன்று, மதிப்பு வேறு. காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது பழகிய பாடம். 1942-ன் ஒரு டாலரும் 2002-ன் ஒரு டாலரும் தாளில் ஒன்றுதான், கடையில் ஒன்றல்ல. ஆனால் "வரலாற்றிலேயே பெரிய வைட் ரிசீவர் யார்?" என்ற சண்டை வந்தால் மட்டும் எல்லோரும் பணவீக்கத்தை மறந்துவிட்டு ரூபாய் நோட்டை எண்ண ஆரம்பித்துவிடுகிறார்கள்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு பாரா. அமெரிக்கன் ஃபுட்பாலில் பக்கத்துக்குப் பதினோரு பேர். குவார்ட்டர்பேக் என்பவர் பந்தை எறிவார். வைட் ரிசீவர் மைதானத்தின் ஓரத்தில் நின்று, முன்பே பேசிவைத்த பாதையில் ஓடி, அந்தப் பந்தைப் பிடிக்க வேண்டும். அவரைத் தடுப்பதற்கென்றே எதிரணியில் கார்னர்பேக் என்று ஒருவர் ஒட்டிக்கொண்டு ஓடுவார். பிடித்த பந்தோடு எல்லைக்குள் நுழைந்தால் டச்டவுன், ஆறு புள்ளி. முன்னேறிய தூரத்தை யார்டில் அளப்பார்கள். அவ்வளவுதான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ரிசீவர் தனியாக எதையுமே செய்ய முடியாது. முன்னால் நிற்கும் குண்டர்கள் எதிரியைத் தடுக்க வேண்டும், எறிபவர் நேரத்துக்கு எறிய வேண்டும், பயிற்சியாளர் எறியச் சொல்ல வேண்டும். எறியாத பந்தை எந்தக் கொம்பனாலும் பிடிக்க முடியாது. இப்படி முழுக்க முழுக்க அடுத்தவரை நம்பி வாழும் ஒருவரை எப்படி அளப்பது? இந்த விவாதத்தின் உண்மையான கேள்வி இதுதான். வழக்கமாகச் சொல்லப்படும் மூன்று அளவுகோல்களும் இங்கேதான் இடறுகின்றன.

முதல் அளவுகோல்: மொத்தக் கணக்கு

இதில் போட்டியே கிடையாது. ரைஸ் 1985 முதல் 2004 வரை 20 சீசன், 303 ஆட்டம். 1,549 கேட்ச், 22,895 யார்டு, 197 டச்டவுன் கேட்ச். இரண்டாம் இடத்தில் அரிசோனாவின் லாரி ஃபிட்ஸ்ஜெரால்ட், 17,492 யார்டு. அவரும் 17 வருடம் ஆடியவர்தான். அப்படியும் இடைவெளி 5,403 யார்டு! ஒரு நல்ல ரிசீவர் வருடத்துக்கு 1,200 யார்டு எடுத்தாலும் அந்த இடைவெளியை மட்டும் நிரப்பவே நான்கரை வருடம் ஆகும்.

ரைஸ் ரசிகர்கள் இந்த இடத்தில் எழுந்து நின்று கைதட்டிவிட்டு விவாதத்தை முடித்துவிடுவார்கள். ஆனால் மொத்தக் கணக்கு காலத்தின் தயவில் வருவது. 1978-ல் என்.எஃப்.எல். விதியை மாற்றியது. முதல் 5 யார்டைத் தாண்டிவிட்டால் ரிசீவர் மேல் கை வைக்கக் கூடாது என்றது. அதே வருடம் சீசன் 14 ஆட்டத்திலிருந்து 16 ஆனது. 2021-ல் 17 ஆனது. ஒவ்வொரு மாற்றமும் பிறகு வந்தவர்களின் பையில் கொஞ்சம் சில்லறை போட்டது.

எதிர்ப்பக்க உதாரணம் பால் வார்ஃபீல்ட். ஒரு கேட்சுக்குச் சராசரியாக 20 யார்டுக்கு மேல் எடுத்த மனிதர். ஆனால் மொத்தமே 427 கேட்ச்தான். ஏன்? 1970 முதல் 1974 வரை அவர் ஆடிய மயாமி டால்ஃபின்ஸ் அணி பந்தை எறிவதைவிடத் தூக்கிக்கொண்டு ஓடுவதையே நம்பியது. 1974 ஜனவரியில் நடந்த சூப்பர் பௌலில் மயாமியின் குவார்ட்டர்பேக் பாப் க்ரீஸி மொத்தம் எத்தனை முறை எறிந்தார் தெரியுமா? ஏழே ஏழு. மயாமி சுலபமாக ஜெயித்தது. அந்த அணியில் ரைஸே நின்றிருந்தாலும் என்ன செய்திருக்க முடியும்? மொத்தக் கணக்கை மட்டும் பார்த்தால் வார்ஃபீல்ட் எங்கோ அடியில் கிடப்பார். அது அவர் தப்பு இல்லை.

இரண்டாவது: கோப்பைகள்

"ரைஸிடம் மூன்று மோதிரம் இருக்கிறது, ராண்டி மாஸிடம் ஒன்றுகூட இல்லை" என்பது அடிக்கடி காதில் விழும் வசனம். உண்மைதான். ஆனால் மோதிரம் அணிக்குக் கொடுப்பது.

டெட்ராய்ட் லயன்ஸின் கால்வின் ஜான்சன் 2008-ல் 12 டச்டவுன் கேட்ச் பிடித்தார், 1,331 யார்டு எடுத்தார். அந்த வருடம் அவருடைய அணி ஆடிய ஆட்டம் 16, தோற்றது 16. இன்னும் என்ன செய்திருக்க வேண்டும் அவர்? பந்தை எறிந்துவிட்டு அவரே ஓடிப்போய்ப் பிடித்திருக்க வேண்டுமோ? :-)

1998-ல் மாஸின் முதல் சீசனில் மினசோட்டா வைக்கிங்ஸ் 15 வெற்றி, 1 தோல்வி. அந்த சீசன் முழுக்க ஒரு உதைகூடத் தவறவிடாத கேரி ஆண்டர்சன், சூப்பர் பௌலுக்கு முந்தைய ஆட்டத்தில் ஒன்றைத் தவறவிட, கதை முடிந்தது. 2007-ல் நியூ இங்கிலாந்தில் 16-க்கு 16 வெற்றி, கடைசியில் 2008 பிப்ரவரி சூப்பர் பௌலில் நியூயார்க் ஜெயன்ட்ஸிடம் 17-14 என்று தோல்வி. டெரல் ஓவன்ஸ் கதை இன்னும் கொடுமை. காலில் எலும்பு முறிந்து ஏழு வாரம்கூட முழுசாக ஆறாத நிலையில் 2005 சூப்பர் பௌலில் இறங்கி 9 கேட்ச், 122 யார்டு எடுத்தார். அணி மூன்று புள்ளியில் தோற்றது.

இந்த மூவரையும் மோதிரம் இல்லாதவர்கள் என்று ஒதுக்குவது, கம்பெனி நஷ்டமானதற்கு நன்றாக வேலை செய்த ஊழியரைத் திட்டுவது மாதிரி.

மூன்றாவது: உச்சம்

மாஸ் ரசிகர்களின் ஆயுதம் இது. "நீண்ட நாள் ஆடியவர் பெரியவரா, நன்றாக ஆடியவர் பெரியவரா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

மாஸ் வருவதற்கு முன் அப்படி ஒருவரை யாரும் பார்த்ததில்லை. நல்ல உயரம், அந்த உயரத்தில் அந்த வேகம், கூட்டத்துக்கு மேல் எம்பிப் பிடிக்கும் கைகள். 1998-ல் முதல் சீசனிலேயே 17 டச்டவுன் கேட்ச். அந்த வருட நன்றி கூறும் நாளன்று டல்லாஸுக்கு எதிராக மூன்றே கேட்ச் பிடித்தார். 163 யார்டு, மூன்றுமே டச்டவுன். அடுத்த வருடத் தேர்வில், அதே பிரிவில் ஆடும் கிரீன் பே முதல் மூன்று சுற்றிலும் கார்னர்பேக்குகளாகவே பார்த்து எடுத்தது. ஒரே ஆளுக்குப் பயந்து ஒரு அணி தன் கடை சரக்கையே மாற்றியது! ஒருவர் தலைக்கு மேல் எம்பிப் பிடித்தால் "மாஸ் பண்ணிவிட்டான்" என்று அவர் பெயரையே வினைச்சொல்லாக்கிவிட்டார்கள் அமெரிக்கர்கள். 2013 சூப்பர் பௌலுக்கு முன் "எல்லோரிலும் பெரிய ரிசீவர் நான்தான்" என்று மாஸே சொன்னார். அதைக் கேட்டுச் சிரித்தவர்கள் குறைவு.

2007-ல் அவர் பிடித்த 23 டச்டவுன், ஒரு சீசனுக்கான சாதனை. ஆனால் இங்கேதான் கால்குலேட்டரை எடுக்க வேண்டும். மாஸுக்கு 16 ஆட்டம். அவர் முறியடித்தது ரைஸ் 1987-ல் வைத்திருந்த 22. அந்த வருடம் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்ததால் ரைஸ் ஆடியது 12 ஆட்டம்தான். மாஸ் ஆட்டத்துக்கு 1.44, ரைஸ் ஆட்டத்துக்கு 1.83. 1987-ல் இரண்டாவதாக வந்த மைக் குயிக் பிடித்தது 11. அதாவது ரைஸ் சரியாக இரண்டு மடங்கு. ஆக "ரைஸ் நீண்ட நாள் ஆடினார், உச்சம் மாஸுக்குத்தான்" என்பது பாதி உண்மை. உச்சத்திலும் ரைஸ் ஒரு படி மேலேதான் நின்றார். யார்டில் வேண்டுமானால் 2012-ல் 1,964 எடுத்த கால்வின் ஜான்சனைச் சொல்லலாம். ஆனால் அவர் உடம்பு இடம் கொடுக்காமல் ஒன்பதே சீசனில், 30 வயதில் விலகிவிட்டார்.

உச்சத்துக்கும் ஒரு கூட்டாளி தேவை. ஓக்லண்டில் 2006-ல் மாஸ் பிடித்தது மூன்றே மூன்று டச்டவுன். அவரை ஒரு நான்காம் சுற்றுத் தேர்வுக்கு, கிட்டத்தட்ட பழைய இரும்பு விலைக்கு, நியூ இங்கிலாந்துக்குத் தள்ளிவிட்டார்கள். அடுத்த வருடமே 23! டாம் பிரேடி எறிந்ததால்தானே என்று கேட்கலாம். ஆனால் அதுவரை பிரேடியும் ஒரு சீசனில் 28 டச்டவுனைத் தாண்டியதில்லை. மாஸ் வந்ததும் 50 எறிந்தார். யார் யாரை வாழவைத்தார்கள்? கோழியா முட்டையா கதைதான்.

இதே கேள்வி ரைஸுக்கும் உண்டு. "ஜோ மான்டானா, ஸ்டீவ் யங் என்று இரண்டு ஜாம்பவான்கள் எறிந்தால் யார்தான் பிடிக்கமாட்டார்கள்?" என்பார்கள். ஆனால் மான்டானா வலது கை, யங் இடது கை. பந்து சுழலும் விதமே வேறு. 1987-ன் 22-ம் 1995-ன் 1,848 யார்டும் வேறு வேறு கைகள் எறிந்தவை. ஓக்லண்டில் எறிந்தவர் ரிச் கேனன். எறிபவர் மாறிக்கொண்டே இருந்தார், பிடிப்பவர் மாறவில்லை.

ஹட்சன் கணக்கு

அப்படியானால் ஹட்சன்? தன் காலத்தவரோடு ஒப்பிட்டால் அவர்தான் இந்த ஆட்டத்தின் பிராட்மன். 1935 முதல் 1945 வரை 11 சீசன், அதில் 8 முறை கேட்சில் முதலிடம், 9 முறை டச்டவுன் கேட்சில் முதலிடம். 116 ஆட்டத்தில் 99 டச்டவுன் கேட்ச். ஆட்டத்துக்கு என்று வகுத்தால் ரைஸும் மாஸும் பின்னால்தான். அந்த 99-ஐ முந்த 44 வருடம் ஆயிற்று. 1989-ல் ஸ்டீவ் லார்ஜன்ட் முந்தினார். இத்தனைக்கும் ஹட்சன் தடுப்பாட்டமும் ஆடினார், பந்தை உதைக்கவும் செய்தார். 1945-ல் டெட்ராய்டுக்கு எதிராக ஒரே கால்பகுதியில் 29 புள்ளி எடுத்தது தனிக் கதை.

போர்க்காலத்தில் நல்ல வீரர்கள் பட்டாளத்துக்குப் போய்விட்டார்கள், அதனால்தான் என்பார்கள். அது முழு பதில் இல்லை. அமெரிக்கா போருக்குள் வந்தது 1941 டிசம்பரில். ஹட்சன் அதற்குப் பல வருடம் முன்பே முதலிடத்தில் இருந்தார்.

பெரிய பிரச்சினை வேறு. 1934 முதல் 1945 வரை என்.எஃப்.எல்.-ல் ஒரு கறுப்பின வீரர்கூட இல்லை. எழுதிவைத்த விதி எதுவும் கிடையாது, ஆனால் கதவு சாத்தியிருந்தது. 1946-ல் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் கென்னி வாஷிங்டனையும் வுடி ஸ்ட்ரோடையும் சேர்த்த பிறகுதான் அது திறந்தது. ஹட்சனின் 11 சீசனும் சாத்திய கதவுக்குள்ளேயே நடந்தவை. இது ஹட்சன் செய்த குற்றம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் பாதிப் போட்டியாளர்களை வெளியே நிறுத்திய சந்தையில் கிடைத்த லாபத்தை, திறந்த சந்தையின் லாபத்தோடு அப்படியே வைத்து ஒப்பிட முடியாது. கறுப்பினத்தவருக்காக உருவான மிசிசிப்பி வேலி ஸ்டேட் கல்லூரியிலிருந்து வந்தவர் ரைஸ். 1935-ல் இருந்திருந்தால் அவர் பெயர் எந்தப் புத்தகத்திலும் ஏறியிருக்காது. ஹட்சனுக்கு ஈடாக ஆடியிருக்கக்கூடிய எத்தனை பேர் அப்படி ஏறாமலே போனார்கள்? அந்த நஷ்டத்தை எந்தப் புள்ளிவிவரமும் காட்டாது.

பந்து வராத ஓட்டம்

மொத்தம் காலத்தின் தயவு. மோதிரம் அணியின் தயவு. உச்சம் எறிபவரின் தயவு. அப்படியானால் ரிசீவருக்கே ரிசீவருக்கென்று சொந்தமானது எது?

பந்து வராத ஓட்டம்.

ஒரு ஆட்டத்தில் ரிசீவர் பல பத்து முறை ஓடுவார். ஏழெட்டு முறை பந்து வந்தால் அதிகம். மிச்ச ஓட்டமெல்லாம் கணக்கில் வராது, கைதட்டலும் வராது. ஆனால் அவர் முழு மூச்சாக ஓடினால்தான் எதிரி அவரோடு போவான், இன்னொருவருக்கு இடம் கிடைக்கும். அந்த ஓட்டத்தை ஓடுவதா, சும்மா நடப்பதா என்பது ரிசீவர் ஒருவரின் கையில் மட்டுமே இருக்கிறது.

2001-ல் "ஆட வேண்டும் என்று தோன்றும்போது ஆடுவேன்" என்ற பொருளில் மாஸ் சொன்னது பெரிய சர்ச்சையானது. பந்து தனக்கு வராத ஆட்டத்தில் அவர் மெதுவாகக் காலை இழுப்பார் என்ற குற்றச்சாட்டு அவரைக் கடைசிவரை விடவில்லை. இதை ஓவன்ஸின் வாயோடு சேர்த்துக் குழப்பக் கூடாது. ஓவன்ஸ் பேசிய பேச்சுக்காக ஹால் ஆஃப் ஃபேம் அவரை மூன்றாவது முயற்சிவரை, 2018 வரை, காக்க வைத்தது அநியாயம். வாய் வேறு, கால் வேறு. இங்கே கேள்வி காலைப் பற்றியது.

ரைஸின் கால் வேறு ஜாதி. அப்பா கொத்தனார், கோடையில் அவரோடு வேலைக்குப் போய், அண்ணன் தம்பிகள் தூக்கிப் போடும் செங்கல்லைப் பிடித்துப் பழகிய கைகள் அவருடையவை. 1985 தேர்வில் வேகம் போதாது என்ற சந்தேகம் இருந்தது. அவருக்கு முன்பே அல் டூன், எடி பிரவுன் என்று இரண்டு ரிசீவர்கள் போய்விட்டார்கள். 16-வது ஆளாகத்தான் சான் ஃபிரான்சிஸ்கோ எடுத்தது. முதல் சீசனில் கையில் விழுந்த பந்தையெல்லாம் கோட்டைவிட்டுச் சொந்த ரசிகர்களிடமே திட்டு வாங்கினார். அப்புறம் வந்ததுதான் அந்த மலை. சீசன் இல்லாத மாதங்களில் சான் கார்லோஸ் பக்கம் இரண்டரை மைல் செங்குத்துப் பாதையில் ஓடுவார். கூட ஓட வந்தவர்கள் பாதியில் வாந்தி எடுத்த கதைகள் பிரபலம். பயிற்சியில் சின்னப் பந்தைப் பிடித்தாலும் எல்லைக்கோடு வரை ஓடிவிட்டுத்தான் திரும்புவார்.

ரைஸ் கணக்கிலும் ஒரு கறை உண்டு, மறைக்கக் கூடாது. கையுறையில் பசை தடவுவதை 1981-லேயே தடை செய்துவிட்டார்கள். தானும் கொஞ்சம் தடவியதுண்டு என்று 2015-ல் ரைஸே ஒப்புக்கொண்டார். பிறகு, அந்தக் காலத்தில் மற்றவர்களும் செய்தார்கள் என்று சமாளித்தார். சமாளிப்பு எடுபடாது, தப்பு தப்புதான். கம்பெனிக் கணக்கின் அடிக்குறிப்பு மாதிரி அவர் சாதனைக்குக் கீழே அது எப்போதும் இருக்கட்டும். ஆனால் பசை பந்தைப் பிடிக்கத்தான் உதவும். மலையில் ஏற உதவாது, நாற்பது வயதில் கார்னர்பேக்கைத் தாண்டி ஓடவும் உதவாது.

ஆகவே வரிசை இப்படி: முதலில் ரைஸ், அடுத்து ஹட்சன், அப்புறம் மாஸ். உயிரைக் காப்பாற்ற ஒரே ஒரு நீளப் பந்தைப் பிடித்தாக வேண்டும் என்றால் மாஸைக் கூப்பிடுங்கள், தப்பே இல்லை. ஒரு கேட்சுக்கு மாஸ். இருபது வருடத்துக்கு ரைஸ்.

இதற்குச் சாட்சி ரைஸ் பிடித்த எந்தப் பந்தும் அல்ல. 1989 ஜனவரி 22, மயாமி, சூப்பர் பௌல். சின்சினாட்டி 16, சான் ஃபிரான்சிஸ்கோ 13. கடைசி மூன்று நிமிடத்தில் சொந்த 8 யார்டு கோட்டிலிருந்து மான்டானா கிளம்பினார். அன்று ரைஸ் ஏற்கெனவே 11 கேட்ச், 215 யார்டு எடுத்திருந்தார். கடைசி 10 யார்டு பாக்கி. மைதானத்தில் எல்லோருக்கும் தெரியும், பந்து ரைஸுக்குத்தான் என்று. ரைஸ் இடம் மாறி நகர்ந்தார், எதிரணியின் கண்களும் அவரோடு நகர்ந்தன. மான்டானா நடுவில் ஓடிய ஜான் டெய்லருக்கு எறிந்தார். டச்டவுன். 34 விநாடி மிச்சம். 20-16.

அந்தக் கடைசி ஓட்டத்துக்கு ரைஸ் பெயரில் ஒரு யார்டுகூட எழுதப்படவில்லை. 22,895-ல் அது சேராது.